மடிப்புத் தொலைபேசி வாங்கத் தகுமா?

(எமது சங்க மண்டபத்தில் இளம் அங்கத்தவர் முன் நிகழ்த்திய பேச்சு)

  

இன்று பேசுவதற்கு எமக்குத் தரப்பட்ட பொருள் சிலருக்கு நகைப்பை உண்டாக்கலாம். ஒரு கைத்தொலைபேசியைப் பற்றிப் பேச மண்டபமும் மேடையும் வேண்டுமோ என்று பின்வரிசைப் பெரியவர்கள் எண்ணுதல் கூடும். ஆயினும், எமது இளைஞர் பலர் தம் வாழ்நாளில் முதன்முதலாகச் செய்யும் பெருஞ் செலவு இன்று ஒரு தொலைபேசியாகவே இருக்கின்றது. அந்தச் செலவில் ஒருவன் பழகும் பழக்கம் பின்னர் அவன் காணி வாங்கும்போதும், வீடு கட்டும்போதும், மக்களுக்குக் கலியாணம் செய்யும்போதும் கூடவே வரும். ஆகையால் இப்பொருள் சிறிய பொருளன்று.

மடிப்புத் தொலைபேசி என்பது யாது? திரையே நடுவில் மடியத்தக்கதாகச் செய்யப்பட்ட பேசி. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று புத்தகம்போல் விரிவது. மூடியிருக்கும்போது சாதாரண பேசியாயிருந்து, விரித்தால் ஏறக்குறைய 8 அங்குலத் திரையாகும். மற்றையது வெற்றிலைப் பெட்டிபோல் மேலிருந்து கீழாக மூடுவது. விரித்தால் சாதாரண அளவு, மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். இப்பொழுது மூன்றாக மடிவதும் வந்துவிட்டது. ஹுவாவே நிறுவனம் 2024 செப்ரெம்பரில் சீனாவில் வெளியிட்ட அத்தகைய பேசியின் தொடக்க விலை 19,999 யுவான்.

புதிய பொருள் எதுவும் தோன்றும்போது விலை மிகுந்தே தோன்றும். இதனை மறந்து பேசுதல் நீதியாகாது. கையில் எடுத்துச் செல்லத்தக்க முதலாவது தொலைபேசி 1983இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 3,995 டொலர். மோட்டரோலா நிறுவனத்தார் 1996இல் வெளியிட்ட ‘ஸ்டார்டாக்’ என்னும் மூடித் திறக்கும் பேசியும் ஏறக்குறைய 1,000 டொலருக்கு விற்கப்பட்டது. எமது நாட்டில் 1989இல் செல்டெல் நிறுவனம் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியபோது தென்னாசியாவிலேயே அது முதலாவது சேவையாயிருந்தது. அக்காலத்தில் அதனைக் கையிலே வைத்திருந்தவர் பெருந் தனவந்தர். இன்று மீன் விற்பவரிடமும் தோட்டம் செய்பவரிடமும் அது இருக்கின்றது. அவர்களுடைய தொழிலுக்கு அது பெருந்துணையாகவும் இருக்கின்றது. ஆகவே, விலை உயர்ந்தது என்ற ஒரே காரணத்தால் ஒன்றை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. நாளைக்கு அது எல்லோர்க்கும் உரியதாகலாம். இன்று வாங்கலாமா என்பதே வினா.

இதற்கு விடை காண, இந்தப் பேசி வந்த வழியைச் சற்றே நோக்குவோம். மடியுந் திரையுடைய பேசியை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது சீனாவிலுள்ள றோயோல் என்ற இளம் நிறுவனம். 2018 ஒக்டோபர் இறுதியில் அது தன் பேசியை உலகுக்குக் காட்டியது. முந்திக்கொண்ட அந்த நிறுவனம் 2024இல் கடன் தாங்கமாட்டாது முறிந்தது. தென்கொரியாவின் சாம்சங் நிறுவனம் 2019 பெப்ரவரியில் ‘கலக்சி ஃபோல்ட்’ என்பதை 1,980 டொலர் விலையில் அறிவித்தது. ஏப்ரில் 26ஆந் திகதி விற்பனை என்று நாளும் குறிக்கப்பட்டது. அதற்குமுன் பரிசோதிப்பதற்காகப் பத்திரிகையாளருக்குக் கொடுக்கப்பட்ட பேசிகளிற் சில இரண்டொரு நாளிலேயே திரை பழுதடைந்து போயின. திரையின்மேல் ஒரு மெல்லிய படலம் இருந்தது. அதனைக் கடையிலே ஒட்டிவரும் தாள் என்றெண்ணிச் சிலர் உரித்துவிட்டனர். உரிக்கத் திரையும் போயிற்று. வேறு சிலருடைய பேசியில் பிணைச்சல் ஓரத்து இடைவெளியாலே துகள் உட்புகுந்து திரையைத் தள்ளியது. விற்பனை ஒத்திவைக்கப்பட்டது. படலத்தின் ஓரத்தைச் சட்டத்துக்குள்ளே செலுத்தியும், பிணைச்சலின் இரு முனைகளுக்கும் மூடி அமைத்தும், செப்ரெம்பரிலேதான் அது விற்பனைக்கு வந்தது.

இவ்வரலாற்றை ஒரு நிறுவனத்தை இகழ்வதற்காகச் சொன்னோமில்லை. கண்ணாடியை மடிப்பது எத்துணை அரிய காரியம் என்பதைக் காட்டவே சொன்னோம். நமது பனையை எடுத்துக்கொள்ளுங்கள். பனங்குருத்தோலை வளைகின்றது. அதைப் பின்னிப் பெட்டி இழைக்கின்றோம். அதே பனையிலிருந்து அறுத்த சிலாகையை வளைக்க முடியுமா? வளைத்தால் முறியும். தடிப்புக் குறையக் குறைய வளையுந் தன்மை கூடும். எந்தப் பொருளையும் வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடுகின்றது, உட்பக்கம் நெரிபடுகின்றது. தடிப்பு மிகுந்தால் அந்த இழுவையும் மிகும், பொருள் வெடிக்கும். இதனால் 2020இல் வந்த பேசியில் ஏறக்குறைய 30 மைக்கிரோன் தடிப்புள்ள கண்ணாடியை அமைத்தனர். ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறாக்கினால் அவற்றில் முப்பது கூறு! தலைமயிரினும் மெல்லியது. அக்கண்ணாடியின்கீழ், தானே ஒளிகாலும் சேதனப் பொருளாலான திரை, பிளாத்திக்குத் தளத்தின்மேல் இருக்கின்றது. பின்னாலிருந்து ஒளி கொடுக்கும் விளக்கு அதற்கு வேண்டியதில்லையாதலால் அது மெல்லியதாய் வளைகின்றது. இப்படலங்கள் ஒன்றன்மேலொன்று சற்றே வழுக்கத்தக்க மென்பசையினால் ஒட்டப்பட்டுள்ளன. பிணைச்சலோ பல நுண்ணிய உறுப்புகளைக் கொண்டது. அது திரையைக் கூராக மடிக்காமல், நீர்த்துளி வடிவில் உள்ளே சுருட்டிவிடுகின்றது.

இஃது மனித அறிவின் சிறந்த வேலை. இதனைக் கண்டு ஓர் இளைஞன் வியப்பானாயின் அவனை நாம் கண்டிக்க மாட்டோம். வியப்பில்லாதவன் பொறியியலாளனாக முடியாது. ஆனால், வியத்தற்குரிய பொருள் எல்லாம் வாங்குதற்குரிய பொருளாகிவிடுமோ? ஆகாயக் கப்பலைப் பார்த்து வியக்கின்றோம். அதனை வாங்குவதற்கு எவரும் வங்கிக்குப் போவதில்லை.

இனி, இதன் நன்மைகளை நேர்மையாகச் சொல்வோம். புத்தகம்போல் விரியும் பேசியிலே பத்திரங்களைப் பக்கம் பக்கமாக வாசிக்கலாம். கணக்குப் பட்டியலைப் பெருப்பித்துப் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் கடிதத்தையும் மறுபக்கத்தில் அதற்கான விடையையும் வைத்துக்கொள்ளலாம். வீட்டுப் படம் வரைவோர், வழக்குக் கட்டுகளைப் பிரயாணத்திலே வாசிக்கும் சட்டத்தரணிகள், பல ஊர் திரியும் வியாபாரிகள் முதலியோருக்கு இது பயன் தரும். பார்வை மங்கிய முதியவருக்கும் பெரிய எழுத்து உதவும். பழைய குறைகளும் பெரிதும் நீங்கிவிட்டன. 2019இல் வந்த பேசியின் எடை 276 கிராம். மடித்தால் பிணைச்சல் பக்கத்தில் 17 மில்லிமீற்றர் தடிப்பு. 2025 யூலையில் வந்த ‘கலக்சி Zஃபோல்ட் 7’ என்னும் பேசியின் எடை 215 கிராம்; மடித்தால் 8.9 மில்லிமீற்றர். அதே நிறுவனம் அதே ஆண்டில் வெளியிட்ட மடியாத உயர்தரப் பேசியைவிட இது எடை குறைந்தது. மென்பொருளை ஏழு ஆண்டுகள் புதுப்பித்துத் தருவதாகவும் அந்நிறுவனம் உறுதி கூறுகின்றது.

ஆயினும் குறைகள் சில எஞ்சியிருக்கின்றன. அவற்றை விளம்பரத்தில் காணமுடியாது.

முதலாவது, தூசி. அதே 2025ஆம் ஆண்டுப் பேசிக்கு வழங்கப்பட்ட காப்புத் தரம் ‘ஐபி 48’. இதில் எட்டு என்பது நீருக்குரியது. நன்னீரில் விழுந்தால் தப்பும் என்பது பொருள். நான்கு என்பது திண்பொருளுக்குரியது. ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட துகளை மாத்திரமே தடுக்கும். கடற்கரை மணலும் மாரி நீங்கியபின் எழும் வீதிப் புழுதியும் ஒரு மில்லிமீற்றருக்குக் காத்திருப்பனவல்ல. கூகிள் நிறுவனம் 2025இல் வெளியிட்ட மடிப்புப் பேசி தூசியை முற்றாகத் தடுக்கும் தரத்தைப் பெற்றது. ஆகவே இந்தக் குறை தீர்கின்ற வழியிலே இருக்கின்றது. ஆனால் எல்லாப் பேசிகளிலும் தீர்ந்துவிடவில்லை.

இரண்டாவது, ஆயுள். 2019இல் இரண்டு இலட்சம் முறை மடித்துப் பார்த்தோம் என்றனர். நாளொன்றுக்கு நூறு முறை மடித்தால் அது ஐந்தாண்டுக்குச் சற்று அதிகம். 2025இல் ஐந்து இலட்சம் முறை என்றனர். முன்னேற்றந்தான். ஆனால் அப்பரிசோதனை 25 பாகை வெப்பமுள்ள அறையிலே, பொறியொன்றினால், ஒரே சீராக நடத்தப்பட்டது. அந்தப் பொறிக்குப் பங்குனி வெய்யில் தெரியாது. பஸ் வண்டியின் நெரிசலும் தெரியாது. சிறு பிள்ளையின் நகமும் தெரியாது.

மூன்றாவது, பழுது. சாதாரண பேசியின் கண்ணாடி உடைந்தால் பக்கத்துச் சந்தியிலுள்ள கடையிலே மாற்றிவிடலாம். மடியுந் திரை பழுதானால் அதற்கெனப் பயின்றவர் வேண்டும், அதற்குரிய உறுப்பு வேண்டும். அதன் செலவு ஒரு நல்ல நடுத்தரப் பேசியின் விலையை எட்டிவிடும். வெளிநாட்டிலே வாங்கியதாயின் அதன் உத்தரவாதம் இங்கே செல்லுமோ என்பதையும் முன்னரே கேட்டறிய வேண்டும்.

நான்காவது, கொடுத்த விலைக்குக் கிடைப்பவை. மேலே சொன்ன மடிப்புப் பேசி 2025இல் வெளிவந்தபோது அதன் விலை அமெரிக்காவில் 1,999 டொலராயிருந்தது. அதே நிறுவனம் அதே ஆண்டில் வெளியிட்ட மடியாத உயர்தரப் பேசியின் விலை 1,299 டொலராயிருந்தது. மின்கலத்தின் கொள்ளளவோ மடிப்பதில் 4,400, மடியாததில் 5,000. அதாவது, 700 டொலர் கூடக் கொடுத்து மின்கலத்திலே குறைவைப் பெறுகின்றோம். படம் பார்ப்பதற்கென்று வாங்குவோர்க்கும் ஒரு சொல். விரித்த திரை ஏறக்குறையச் சதுரமானது. சினிமாப் படமோ நீள் சதுரமானது. ஆகவே மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, திரையின் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெறுமையாகவே கிடக்கும்.

விலை இறங்காதோ என்று கேட்பீர்கள். இரண்டு வகைக்கும் இரண்டு விடை. புத்தகம்போல் விரியும் பேசி 2019இல் 1,980 டொலர். 2025இல் 1,999 டொலர். ஆறாண்டிலே பொருள் மேம்பட்டது, விலை இறங்கவில்லை. மேலிருந்து கீழ் மடியும் பேசியோ 2020இல் 1,380 டொலராக இருந்தது. 2021இல் 999 டொலராயிற்று. 2023இல் மோட்டரோலா நிறுவனத்தார் 699 டொலருக்கு ஒன்றை விட்டனர். 2025இல் சாம்சங்கும் 899 டொலருக்கு ஒரு மலிவு வகையை வெளியிட்டது. எனவே பொறுத்திருப்பவனுக்குப் பலன் உண்டு என்பது தெளிவு. உலகமும் பொறுத்தே இருக்கின்றது. 2024ஆம் ஆண்டில் உலகெங்கும் விற்பனையான திறன்பேசிகளில் மடிப்புப் பேசிகள் நூற்றுக்கு இரண்டைத்தானும் எட்டவில்லை. எல்லோரும் வைத்திருக்கிறார்கள், எம்மிடம் மட்டும் இல்லை என்று எவனும் ஏங்கவேண்டுவதில்லை.

இப்பொழுது நமது வீட்டுக் கணக்குக்கு வருவோம். டொலர் ஒன்று 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், வரியும் கடைக்காரரின் இலாபமும் சேராமலே அந்தப் பேசி ஆறு இலட்சம் ரூபா. இந்நாட்டில் 2026 ஜனவரி முதல் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா எனச் சட்டம் விதித்துள்ளது. அச்சம்பளம் பெறும் ஒருவன் உண்ணாமலும் உடாமலும் இருபது மாதம் சேர்த்தால்தான் அதனை வாங்கலாம். 300 டொலருக்கு, அதாவது 90,000 ரூபாவுக்கு, அழைக்கவும் படிக்கவும் படம் பிடிக்கவும் போதிய நல்ல பேசி கிடைக்கின்றது. மிகுதி ஐந்து இலட்சத்துப் பத்தாயிரம். அந்தப் பணம் ஒரு தங்கையின் படிப்பாகலாம். ஒரு தையற்கடையின் முதலாகலாம். தகப்பனாரின் கண் சத்திரசிகிச்சையாகலாம். மடிப்பினாலே நாம் பெறும் நன்மையை இவற்றோடு தராசிலிட்டு நிறுக்க வேண்டும்.

அவ்வளவு பணம் கையில் இல்லாதவர்க்கும் வழி இருக்கின்றதே என்பீர்கள். ஆம், இலகு தவணை இருக்கின்றது, கடனட்டை இருக்கின்றது, நகை அடைவும் இருக்கின்றது. ஒரு சொல்லைச் சிந்தியுங்கள். தவணை இலகுவானதன்று, வாங்குவது மாத்திரமே இலகு. முப்பத்தாறு மாதத் தவணையில் ஒரு பொருளை எடுத்தவன், முப்பத்தாறாம் மாதத்தில் பழைய பொருளுக்குப் புதிய காசு கட்டுகின்றான். காணிக்குக் கடன்பட்டால் காணி நிற்கும். கல்விக்குக் கடன்பட்டால் கல்வி நிற்கும். ஆண்டுதோறும் பெறுமதி தேய்கின்ற பொருளுக்குக் கடன்பட்டால் கடன் மாத்திரமே நிற்கும்.

இன்னொரு வழியும் நம்மவரிடையே உண்டு. வெளிநாட்டிலிருக்கும் அண்ணனிடம் அல்லது அக்காவிடம் கேட்பது. இதனைச் சொல்லும்போது எமக்கு மனம் நோகின்றது. கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ பனியிலே எழுந்து இரவு வேலைக்குப் போகின்றவர், தம்பி கேட்டுவிட்டானே என்று மறுக்கமாட்டார். அவர் மறுக்கமாட்டார் என்பதனாலேயே நாம் கேட்கக்கூடாது. அவர் அனுப்பும் காசுக்கு விலைச்சீட்டில்லாத ஒரு விலை உண்டு. அது அவருடைய நித்திரை.

நாட்டின் கணக்கும் ஒன்றுண்டு. இப்பேசிகள் இங்கே செய்யப்படுவனவல்ல. ஒவ்வொன்றுக்கும் நாடு டொலர் கொடுக்கின்றது. 2022ஆம் ஆண்டில் அந்த டொலர் அற்றுப்போனபோது என்ன நிகழ்ந்தது என்பதை இம்மண்டபத்திலுள்ள எவரும் மறந்திருக்க முடியாது. ஏப்ரில் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அரசாங்கம் அறிவித்தது. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை. ஆசுபத்திரியில் மருந்துக்குத் தட்டுப்பாடு. இருநூறு ரூபாவளவில் நின்ற டொலர் சில மாதங்களில் முந்நூற்றறுபதளவுக்கு ஏறியது. அந்நிலை தொலைபேசி வாங்கியவரால் வந்தது என்று நாம் கூறவில்லை. அதற்குப் பெரிய காரணங்கள் இருந்தன. ஆனால் வரிசையிலே நின்று நாம் கற்ற பாடம் ஒன்றுண்டு. உழைக்காத டொலரைச் செலவழிக்கும் வீடும் நாடும் ஒருநாள் வரிசையில் நிற்க நேரும்.

இவ்வளவும் இளைஞர்க்குச் சொன்னோம். பெரியோர்க்கும் ஒரு வார்த்தை உண்டு. பணிவோடு சொல்கின்றோம். பிள்ளை ஒரு பேசி கேட்டதும் ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’ என்று தொடங்குகின்றோம். ஒரு நாட் கலியாணத்துக்கு மண்டபம் எடுத்து, பூவாலே வளைவு கட்டி, எண்ணாயிரம் படம் பிடித்து, கடன்பட்டு நிற்கின்ற நாம் எந்த முகத்தோடு இளைஞனைக் கண்டிப்பது? அயலவர் பார்க்கவேண்டும் என்பதற்காகச் செலவழிக்கும் வித்தையை அவன் தெருவிலே கற்கவில்லை, வீட்டிலேதான் கற்றான். நம்முடைய சங்கிலிக்கு ஒரு நியாயம், அவனுடைய பேசிக்கு ஒரு நியாயமோ? நாம் திருந்தினால் அவனுக்குப் புத்திமதி வேண்டியதில்லை.

ஆகவே எமது தீர்ப்பு யாது? வாங்கவே கூடாது என்று நாம் சட்டம் போடவில்லை. வாங்க எண்ணுவோர் தம்மைத் தாமே ஐந்து வினா வினவுக. பெரிய திரையிலே நாளாந்தம் செய்யவேண்டிய உழைப்பு எனக்குண்டா? அவ்வேலையை ஒரு சாதாரண பேசியும் ஒரு மலிவான கணனியும் சேர்ந்து செய்துவிடாவா? கடன்படாமல், எவரையும் கேளாமல், முழுக் காசையும் என் உழைப்பிலிருந்து கொடுக்க இயலுமா? நாளைக்கே திரை பழுதானால் அச்செலவையும் தாங்குவேனா, உத்தரவாதம் இந்நாட்டிற் செல்லுமா? இப்பேசியை எவருக்கும் காட்டமுடியாது என்று ஒரு நிபந்தனை இருந்தாலும் நான் இதை வாங்குவேனா? இவ்வைந்துக்கும் தெளிந்த மனத்தோடு விடை சொல்லக்கூடியவர் தாராளமாக வாங்குக. அவருக்கு அது கருவி. நாமும் வாழ்த்துவோம். ஐந்தாம் வினாவிலே தடுமாறுகின்றவர் இன்னும் சில ஆண்டு பொறுத்திருக்க. பொருள் இன்னும் திருந்தும், சில வகைகளில் விலையும் இறங்கும். மடியிலே கனமிருந்தால் வழியிலே பயம் என்பது பழமொழி. ஆறு இலட்சத்தை மடியிலே கட்டிக்கொண்டு பஸ்ஸிலே போகின்றவனுக்கு நித்தமும் அந்தப் பயந்தான்.

இளைஞர்களே! அந்தப் பேசியைக் கண்டால் கையில் எடுத்துப் பாருங்கள். மடித்துப் பாருங்கள், விரித்துப் பாருங்கள். அந்த நுண்ணிய கண்ணாடியைச் செய்தவர் யார், அந்தப் பிணைச்சலை வகுத்தவர் யார் என்று கேளுங்கள். கொரியாவிலும் சீனாவிலும் உங்களைப்போன்ற வாலிபர்களே கல்லூரியிலிருந்து வந்து அதனைச் செய்தார்கள். வாங்குகின்றவராக மாத்திரம் இருப்பதிலே பெருமை இல்லை. செய்கின்றவராகும் ஆசை உங்களிலே ஒருவருக்கு இன்றிரவு உண்டாகுமாயின், அந்தப் பேசியினால் நமது சங்கம் பெற்ற பயன் அதன் விலையினும் பெரிதாகும்.